என்பிடெல் கோர்ஸ் எடுத்து கிரெடிட் வாங்குவது எப்படி: பதிவு முதல் மதிப்பெண் பட்டியல் வரை

ஸ்வயம் என்பது மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளம். அதில் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் கோர்ஸ்கள்தான் என்பிடெல். நான் முதன்முதலில் அங்கே ஒரு என்பிடெல் கோர்ஸ் எடுத்தபோது பன்னிரண்டு வாரமும் ஒழுங்காகப் பாடம் கேட்டேன். அசைன்மெண்ட்டில் 25-க்கு 23. தேர்வையும் திருப்தியாகவே எழுதினேன். சான்றிதழ் மட்டும் வரவில்லை. சேரும்போது என் சொந்த மின்னஞ்சலில் ஒரு முறையும், கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் ஒரு முறையும் சேர்ந்து வைத்திருந்தேன். அசைன்மெண்ட் எல்லாம் முதலாவதில் போட்டேன். தேர்வுக்குப் பணம் கட்டியபோது உலாவியில் திறந்திருந்தது இரண்டாவது. கணினிக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். ஒருவர் அசைன்மெண்ட் மட்டும் எழுதியவர், இன்னொருவர் தேர்வு மட்டும் எழுதியவர். இரண்டு பேருமே தேறவில்லை.

அதற்குப் பிறகு நான்கு கோர்ஸ் முடித்துவிட்டேன். எங்கள் துறையில் மெண்டராக, அதாவது கோர்ஸ் எடுக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியராக இருந்து மாணவர்களையும் சேர்த்துவிடுகிறேன். நான் பார்த்தவரை, பாடம் புரியாமல் விட்டவர்களைவிடப் படிவத்தில் கோட்டை விட்டவர்கள்தான் அதிகம். ஆகவே எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சமாகவும், எதை எப்போது எங்கே நிரப்புவது என்பதை அதிகமாகவும் எழுதுகிறேன். பெரும்பகுதி மாணவர்களுக்கு, ஆசிரியர்களுக்கானது கடைசியில் தனியாக இருக்கிறது.

1. கல்லூரியில் ஒப்புதல் வாங்கிவிட்டு கோர்ஸில் சேருங்கள்

"முதலில் முடிப்போம், கிரெடிட்டை அப்புறம் கேட்டுக்கொள்வோம்" என்று நினைக்காதீர்கள். ஒரு தாளுக்கு உள்ள எடைப்புள்ளிதான் கிரெடிட். கோர்ஸை முடித்தால் அதன் கிரெடிட்டைக் கல்லூரித் தாள் ஒன்றுக்கு ஈடாகக் கணக்கில் சேர்ப்பார்கள். ஸ்வயம் கோர்ஸ்களுக்கான யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதிமுறைப்படி, ஒரு செமஸ்டரில் உள்ள தாள்களில் 40 சதவீதம் வரை இப்படி ஆன்லைனில் முடிக்க இடம் உண்டு. இதில் 'வரை' என்ற சொல்தான் முக்கியம். எத்தனை தாள், எந்த கோர்ஸ், எந்தத் தாளுக்குப் பதிலாக என்பதையெல்லாம் உங்கள் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோதான் முடிவு செய்யும். பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் நண்பருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

துறைத் தலைவரிடம் போகும்போது மூன்று கேள்விகளோடு போங்கள். இந்த கோர்ஸ் நம் பட்டியலில் இருக்கிறதா? எந்தத் தாளுக்கு ஈடு? எத்தனை கிரெடிட்?

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என்பிடெல் கணக்கில் நான்கு வார கோர்ஸுக்கு 1 கிரெடிட், எட்டு வாரத்துக்கு 2, பன்னிரண்டு வாரத்துக்கு 3. எங்கள் மாணவி ஒருத்தி எட்டு வார கோர்ஸை 90-க்கு மேல் வாங்கி முடித்தாள். அவள் விட்டுவிட நினைத்த தாளுக்கு மூன்று கிரெடிட். இரண்டைக் கொடுத்து மூன்றைக் கேட்டால் எந்த அலுவலகமும் தராது. கடைசியில் அந்தத் தாளையும் உட்கார்ந்து எழுதினாள்.

ஒப்புதலை வாய்வார்த்தையில் வாங்காதீர்கள். கோர்ஸ் பெயர், அது எத்தனை வாரம், நடத்தும் நிறுவனம், எந்தத் தாளுக்கு ஈடு ஆகிய நான்கையும் எழுதி ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். துறைத் தலைவரின் கையெழுத்தும் தேதியும் போட்ட நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம்.

காலக்கணக்கு: கோர்ஸ்கள் வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். இறுதியாண்டு மாணவர்கள் கடைசி செமஸ்டருக்கு ஒத்திப்போட வேண்டாம். ஜனவரியில் தொடங்கும் கோர்ஸின் தேர்வு ஏப்ரல் வாக்கில் வரும், முடிவு அதற்கும் சில வாரம் கழித்து வரும். அதற்குள் கல்லூரியில் மதிப்பெண் ஏற்றும் கடைசி நாள் போய்விட்டால், ஒரே ஒரு தாளுக்காக பட்டச் சான்றிதழ் தள்ளிப்போகும். வேலைக்கு ஆர்டர் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. முந்தைய ஜூலையிலேயே முடித்துவிடுங்கள்.

2. கோர்ஸைத் தேர்ந்தெடுப்பது

ஸ்வயம் தளத்தில் இருப்பதெல்லாம் என்பிடெல் இல்லை. யுஜிசி, சிஇசி, இக்னோ, ஐஐஎம் பெங்களூர் என்று பல ஒருங்கிணைப்பாளர்கள் அதே தளத்தில் கோர்ஸ் நடத்துகிறார்கள். கோர்ஸ் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர் யார் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். என்பிடெல் தன் தேர்வைத் தானே நடத்துகிறது. மற்ற பல கோர்ஸ்களுக்குத் தேர்வு என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) மூலம் நடக்கிறது. அதற்குப் பதிவு, கட்டணம், மதிப்பெண் கணக்கு எல்லாமே வேறு. நான் இங்கே சொல்வது என்பிடெல்லுக்கு மட்டும்.

இன்னொரு குழப்பம், பழைய பாடங்கள். என்பிடெல்லின் பழைய வீடியோக்கள் இணையத்தில் எப்போதும் இருக்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அதைப் பார்த்து முடித்ததற்குச் சான்றிதழ் கிடையாது. இந்த செமஸ்டரில் நடக்கிற கோர்ஸில் சேர்ந்தால்தான் அசைன்மெண்ட்டும் தேர்வும் உண்டு. சேருவதற்குக் கட்டணம் இல்லை.

கோர்ஸ் பக்கத்தில் தேர்வு தேதி முதலிலேயே போட்டிருப்பார்கள். உங்கள் செமஸ்டர் தேர்வு, வீட்டு விசேஷம் எதனோடும் அது மோதுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இளநிலைக்கா முதுநிலைக்கா, முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியது என்ன என்பதும் அங்கேயே இருக்கும். பேராசிரியரின் பெயரையும் ஐஐடியின் பெயரையும் பார்த்து மயங்காமல் முதல் வாரத்து வீடியோ ஒன்றை முழுதாகப் பாருங்கள். சில பேராசிரியர்கள் கரும்பலகையில் நிதானமாக எழுதிக் காட்டுவார்கள், சிலர் ஸ்லைடைப் படித்துக்கொண்டே போவார்கள். பன்னிரண்டு வாரம் அந்தக் குரலோடுதான் இருக்கப்போகிறீர்கள்.

பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பல கோர்ஸ்களுக்கு உரையின் எழுத்துவடிவம் தமிழிலும் கிடைக்கிறது. பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்களுக்கு முதல் மூன்று வாரங்களைத் தாண்ட அது நல்ல துணை. அதற்கு அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது நல்லது, கேள்வித்தாள் அதில்தான் வரும்.

முதல் முறை என்றால் ஒரே ஒரு கோர்ஸ் போதும். இலவசம்தானே என்று ஐந்தில் சேர்ந்தவர்கள் ஐந்தையும் மூன்றாவது வாரத்தில் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

3. ஒரே மின்னஞ்சல், ஒரே பெயர்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

மின்னஞ்சல்: எந்த மின்னஞ்சலில் கோர்ஸில் சேருகிறீர்களோ அதிலேயே அசைன்மெண்ட், அதிலேயே தேர்வுப் பதிவு. படிப்பு முடிந்ததும் கல்லூரி மின்னஞ்சலை மூடிவிடுவார்கள். பிறகு சான்றிதழைத் திரும்ப எடுக்க உள்ளே போக முடியாது. அதனால் சொந்த ஜிமெயிலே நல்லது. கல்லூரி மின்னஞ்சலில்தான் சேர வேண்டும் என்று உங்கள் கல்லூரி கட்டாயப்படுத்தினால் அதிலேயே சேருங்கள், ஆனால் இரண்டிலும் சேராதீர்கள். செல்போனில் இரண்டு மூன்று ஜிமெயில் கணக்குகள் இருந்தால் எது முன்னால் நிற்கிறதோ அதில் அது தானாக நுழைந்துவிடும். கோர்ஸுக்கென்று உலாவியில் தனி சுயவிவரம் ஒன்று உண்டாக்கி, ஒரே கணக்கை மட்டும் அதில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. நான் இப்போது மின்னஞ்சல் முகவரியை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், ஒரு முறை ஏமாந்தவன்.

பெயர்: நம் ஊர் இனிஷியல் பழக்கம் எந்தப் படிவத்துக்கும் ஒத்துவராது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவிதா மு', ஆதாரில் 'கவிதா முருகேசன்', கல்லூரிப் பதிவேட்டில் 'மு. கவிதா', வங்கிக் கணக்கில் அம்மாவின் இனிஷியலும் சேர்ந்து இன்னொன்று. ஆள் ஒன்று, பெயர் நான்கு. தேர்வுப் பதிவின்போது நீங்கள் தட்டச்சு செய்யும் பெயர் அப்படியே சான்றிதழில் ஏறும். கல்லூரிப் பதிவேட்டில் இருப்பதும் சான்றிதழில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் தேர்வுப் பிரிவில் கோப்பு நிற்கும். என் யோசனை: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே எல்லா இடத்திலும் போடுங்கள். ஆதார் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் கோர்ஸ் தொடங்கும் மாதத்திலேயே ஆதாரைத் திருத்த விண்ணப்பித்துவிடுங்கள். தேர்வுப் பதிவு தொடங்கியபிறகு ஓடினால் நேரம் போதாது.

ஏபிசி எண்: நீங்கள் வாங்கும் கிரெடிட் எல்லாம் ஒரே கணக்கில் சேர்வதற்காக 2021-இல் கொண்டுவரப்பட்ட கிரெடிட் வங்கிதான் ஏபிசி. இப்போது அபார் என்றும் அழைக்கிறார்கள். 12 இலக்க எண் இது. அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஆதாரை வைத்து உண்டாக்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. ஆதாரோடு உங்கள் செல்போன் எண் இணைந்திருந்தால் பத்து நிமிட வேலை. இணையாமல் இருந்தால், அல்லது அப்பாவின் பழைய எண் இணைந்திருந்தால், ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு வர வேண்டும். கிராமத்து மாணவர்கள் பலருக்கும் இடிப்பது இதுதான். கோர்ஸின் முதல் வாரத்திலேயே இதை முடித்து வையுங்கள். பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே ஏபிசியிலும் வரும் என்பதால், மேலே சொன்ன பெயர்ச் சிக்கலை முதலில் தீர்த்துக்கொள்ள இது இன்னொரு காரணம்.

கல்லூரி: உங்கள் கல்லூரி என்பிடெல்லின் லோக்கல் சாப்டராக, அதாவது என்பிடெல்லோடு பதிவு செய்துகொண்ட கல்லூரியாக இருந்தால், சேரும்போது பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே அறக்கட்டளையின் பெயரில் மூன்று நான்கு கல்லூரிகள் இருக்கும். ஊர்ப் பெயரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இல்லை என்று தவறாகக் குறித்துவிட்டால், கல்லூரியில் இதற்குப் பொறுப்பாக இருக்கும் எஸ்பிஓசி ஆசிரியரின் பட்டியலில் நீங்கள் தெரியமாட்டீர்கள். நீங்கள் படித்ததே கல்லூரிக்குத் தெரியாது. பதிவு எண் கேட்கும் இடத்தில் பல்கலைக்கழகப் பதிவு எண்ணைப் போடுங்கள், வகுப்பு ரோல் நம்பரை அல்ல.

4. வாரா வாரம்

பன்னிரண்டு வார கோர்ஸில் மொத்தம் சுமார் 30 மணி நேர வீடியோ இருக்கும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். அதோடு அசைன்மெண்ட்டுக்கு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுதியில் வைஃபை நன்றாக இருக்கும் நேரம் பார்த்து வீடியோவைத் தரவிறக்கி வைத்துவிட்டால் டேட்டா மிச்சம். கரும்பலகை எழுத்து தெரிய 360 போதும், உயர்ந்த தரம் தேவையில்லை.

அசைன்மெண்ட்டின் கடைசி நேரம் பொதுவாகப் புதன்கிழமை இரவு 11.59. முதல் இரண்டு வார அசைன்மெண்ட்டுக்குப் பெரும்பாலும் ஒரே கடைசி நாளாக வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லா வாரமும் இப்படித்தான் தாராளமாக இருக்கும் என்று நம்பி மூன்றாவது வாரத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. புதன் இரவு பத்து மணிக்குத் தளம் மெதுவாகிவிடும். ஞாயிறன்று போட்டுவிடுங்கள். கடைசி நேரம் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தித் திரும்பச் சமர்ப்பிக்கலாம், கடைசியாகச் சமர்ப்பித்ததுதான் கணக்கு. பதில்களைக் குறித்துவிட்டுச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தாமல் மூடிவிடாதீர்கள். சமர்ப்பித்த நேரம் காட்டும் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

விடைகளைப் போட்டுத்தரும் டெலிகிராம் குழுக்கள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாரா வாரம் அசைன்மெண்ட் வெளியான மறுநாளே விடை வந்துவிடும். அதில் தப்பும் நிறைய இருக்கும், அது வேறு விஷயம். என் மெண்டர் பட்டியலில் அசைன்மெண்ட் சராசரி 95 என்று இருந்த சிலர் தேர்வில் 40-ஐத் தொடவில்லை. நான் பார்த்த தேர்வுகளில் அசைன்மெண்ட் கேள்வி போலவே தோன்றும் கேள்விகள் நிறைய வந்தன, ஆனால் எண்ணும் வாசகமும் மாறியிருந்தன. அசைன்மெண்ட்டைத் தானே போட்டுப் பார்த்தவருக்கு அது வரம். விடையை மட்டும் பார்த்தவருக்கு அது பொறி.

5. மதிப்பெண் கணக்கு

அசைன்மெண்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வார கோர்ஸில் 12 அசைன்மெண்ட்டில் சிறந்த 8, எட்டு வாரத்தில் சிறந்த 6, நான்கு வாரத்தில் சிறந்த 3 கணக்கில் வரும். தொடக்கத்தில் வரும் பூஜ்ய வார அசைன்மெண்ட் கணக்கில் சேராது.

சான்றிதழ் கிடைக்க இரண்டு நிபந்தனைகள், இரண்டும் தனித்தனி. அசைன்மெண்ட்டில் 25-க்கு 10 இருக்க வேண்டும். தேர்வில் 75-க்கு 30 இருக்க வேண்டும், அதாவது நூற்றுக்கு 40.

ஒருவர் அசைன்மெண்ட்டில் முழு 25 வாங்கினார், தேர்வில் நூற்றுக்கு 39 என்று வைத்துக்கொள்வோம். தேர்வின் பங்கு 29.25. மொத்தம் 54.25. 40-க்கு மேல்தானே என்று சந்தோஷப்பட முடியாது, சான்றிதழ் கிடையாது. இன்னொருவருக்கு அசைன்மெண்ட்டில் 22, தேர்வில் நூற்றுக்கு 52. தேர்வின் பங்கு 39, மொத்தம் 61. இவருக்கு எலைட் சான்றிதழே வரும்.

60-லிருந்து எலைட், 75-லிருந்து எலைட்டோடு வெள்ளி, 90-லிருந்து எலைட்டோடு தங்கம். வேலைக்குப் போகும் இடத்தில் எலைட் என்ற சொல்லைச் சிலர் கவனிக்கிறார்கள். கிரெடிட் மாற்றத்துக்கு வந்தால் உங்கள் கல்லூரி மதிப்பெண்ணை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதுதான் முக்கியம்; சில இடங்களில் தேர்ச்சி மட்டும் பார்ப்பார்கள், சில இடங்களில் மதிப்பெண்ணே தரப்புள்ளியில் சேரும்.

பன்னிரண்டில் நான்கை விட்டாலும் பரவாயில்லை என்பதை முதல் மாதத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். உங்கள் மிட்செம், காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் இனிமேல்தான் வரப்போகிறது.

6. தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யுங்கள்

கோர்ஸில் சேர்ந்தது தேர்வுக்குச் சேர்ந்ததாக ஆகாது. ஒவ்வொரு வருடமும் "நான்தான் ஏற்கெனவே சேர்ந்துவிட்டேனே சார்" என்று யாராவது வந்து நிற்கிறார்கள். கோர்ஸ் பாதி ஓடும்போது தேர்வுப் பதிவு தனியாகத் திறக்கும், சில வாரங்களில் மூடிவிடும். அறிவிப்பு மின்னஞ்சலில் வரும், ஜிமெயிலில் அது விளம்பரப் பகுதிக்குள் போய் ஒளிந்துகொள்வதும் உண்டு. நாட்காட்டியில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

நான் கட்டியபோது ஒரு கோர்ஸுக்குத் தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அதில் பாதி. கட்டும் முன் அந்த செமஸ்டர் அறிவிப்பில் தொகையைச் சரிபாருங்கள். சலுகை கேட்டால் சாதிச் சான்றிதழையோ மாற்றுத்திறனாளிச் சான்றிதழையோ ஏற்ற வேண்டும். அட்டையின் மங்கலான நகலை ஏற்றி நிராகரிக்கப்பட்டு, அப்புறம் முழுக் கட்டணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். மூலச் சான்றிதழைப் பகல் வெளிச்சத்தில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

படிவத்தைத் திறக்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: வெள்ளைப் பின்னணியில் சமீபத்திய புகைப்படம், வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தின் படம், ஏபிசி எண், பல்கலைக்கழகப் பதிவு எண், சலுகைக்கான சான்றிதழ், பணம் கட்ட யுபிஐ அல்லது கார்டு. புகைப்படம் சான்றிதழிலும் வரும் என்பதால் செல்ஃபி வேண்டாம்.

பணம் கட்டும்போது திரை உறைந்து, கணக்கில் பணம் போய், படிவத்தில் 'கட்டவில்லை' என்றே காட்டினால் உடனே இன்னொரு முறை கட்டாதீர்கள். ஒரு நாள் பொறுங்கள், வங்கிக் குறுஞ்செய்தியையும் பரிவர்த்தனை எண்ணையும் படம் பிடித்து வையுங்கள், நிலை மாறவில்லை என்றால் உதவி மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். இதற்காகவே கடைசி நாளில் பணம் கட்டக் கூடாது. ரசீதை பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். சில கல்லூரிகள் தேர்ச்சி பெற்றவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன, அப்போது கேட்பார்கள்.

தேர்வு நகரத்தையும் இங்கேதான் தேர்வு செய்ய வேண்டும். நெருங்கிய நகரத்தில் இடம் கிடைக்க வேண்டுமானால் சீக்கிரம் பதிவு செய்வதுதான் வழி. இரண்டு கோர்ஸ் எடுத்திருந்தால் இரண்டின் தேர்வும் ஒரே நாள் ஒரே வேளையில் விழுகிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள்.

7. தேர்வு நாள்

இது வீட்டிலிருந்து எழுதும் தேர்வு இல்லை. தேர்வு மையத்துக்குப் போய்க் கணினியில் எழுத வேண்டும். காலை 9 முதல் 12, அல்லது பிற்பகல் 2 முதல் 5. ஹால் டிக்கெட் தேர்வுக்குச் சில நாட்கள் முன் வரும். வந்ததும் பெயர், படம், மையத்தின் முழு முகவரி மூன்றையும் பாருங்கள். நகரத்தின் பெயரைப் போட்டு, மையம் ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டரில் ஒரு கல்லூரியில் இருக்கும். காலைத் தேர்வுக்கு விடியற்காலைப் பேருந்து உண்டா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

ஹால் டிக்கெட்டின் அச்சுப்பிரதி, மூல அடையாள அட்டை இரண்டும் வேண்டும். செல்போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும். மவுஸால் அழுத்தி அழுத்திக் கணக்குப் போடுவது எரிச்சலான வேலை, வீட்டில் கணினிக் கால்குலேட்டரில் நான்கு கணக்குப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

8. சான்றிதழிலிருந்து கிரெடிட் வரை

முடிவு வந்ததும் மின்சான்றிதழைத் தரவிறக்கிக்கொள்ளலாம். தபாலில் எதுவும் வராது, காத்திருக்க வேண்டாம். சான்றிதழில் உள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்து அது உங்கள் பக்கத்துக்குப் போகிறதா என்று பாருங்கள், கல்லூரியும் அதைத்தான் செய்யும்.

அன்றைக்கே துறைக்கு விண்ணப்பம் கொடுங்கள். அதோடு இணைக்க வேண்டியவை: சான்றிதழின் அச்சுப்பிரதி, முதலில் வாங்கிய ஒப்புதல் கடிதத்தின் நகல், தேர்வுக் கட்டண ரசீது, ஏபிசி எண். விண்ணப்பம் துறையிலிருந்து தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்குப் போகும். இந்த இரண்டு அறைகளுக்கு நடுவில்தான் காகிதம் காணாமல் போகிறது. எங்கள் கல்லூரியில் ஒரு பையனின் கோப்பு ஏழு வாரம் ஒரு மேசை இழுப்பறையில் தூங்கியது. விண்ணப்பத்தின் இரண்டாவது நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். பத்து நாளுக்கு ஒரு முறை நேரில் போய்க் கேளுங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மதிப்பெண் பட்டியல் வந்ததும் கோர்ஸின் பெயரும் கிரெடிட் எண்ணிக்கையும் சரியா என்று பாருங்கள். ஈடு செய்த தாள் 'வரவில்லை' என்று பதிவாகி அரியர் விழுந்திருப்பதும் நடக்கும். பார்த்த வாரத்திலேயே எழுதிக் கொடுத்தால் திருத்திவிடுவார்கள்.

தேறவில்லை என்றால் அந்தத் தாளை வழக்கமான முறையில் எழுத வேண்டுமா, வேறு கோர்ஸ் எடுக்கலாமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இந்தக் கேள்வியை ஒப்புதல் வாங்கும்போதே கேட்டு வைத்திருந்தால் நல்லது.

9. ஆசிரியர்களுக்கு

நீங்களே ஒரு கோர்ஸ் எடுத்து முடிக்காமல் மெண்டராகாதீர்கள். மாணவன் "சார், எந்தப் பொத்தான்?" என்று கேட்கும்போது அந்தத் திரையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) ஏற்றுக்கொண்ட என்பிடெல் கோர்ஸ்கள் ஆசிரியர்களுக்கு எஃப்டிபியாகவும், அதாவது ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியாகவும் கணக்காகும். எட்டு வார கோர்ஸ் ஒரு வார எஃப்டிபிக்குச் சமம், பன்னிரண்டு வாரம் ஒன்றரை வாரத்துக்குச் சமம். எல்லா கோர்ஸும் அந்தப் பட்டியலில் இல்லை, சேரும் முன் பாருங்கள். பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ஆசிரியர் என்று குறியுங்கள். பழைய சுயவிவரத்தில் மாணவர் என்றே விட்டுவிட்டு, பதவி உயர்வுக் கோப்பு போடும்போது நினைவு வந்து பயனில்லை.

மெண்டர் வேலையில் நேரம் தின்பது பாடம் இல்லை, நினைவூட்டல்தான். சேர்ந்த முதல் வாரமே ஒரு தாளில் ஒவ்வொரு மாணவரின் பெயர், மின்னஞ்சல், பதிவு எண், கோர்ஸ், ஏபிசி எண் ஐந்தையும் அவர்கள் கையாலேயே எழுதவையுங்கள். எழுதும்போதே பாதிப் பிழை வெளியே வந்துவிடும். செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புக் குழுவில் ஒரு செய்தி போடுங்கள், புதன் இரவு போடுவது தாமதம். நான்காவது வாரம் முடிந்ததும் மூன்று அசைன்மெண்ட்டுக்கு மேல் விட்டவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, தொடர்வதா வேண்டாமா என்று நேராகக் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டும் முன் விலகுபவருக்கு இழப்பு எதுவும் இல்லை. 1000 ரூபாய் கட்டியபிறகு விலகினால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியது அவர்.

ஒரு பாடவேளையைக் கணினி ஆய்வகத்தில் இதற்கென்று கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வீடியோ போட வேண்டாம், அதை அவர்கள் விடுதியில் பார்த்துக்கொள்வார்கள். போன வார அசைன்மெண்ட்டில் தப்பான கேள்விகளை மட்டும் பலகையில் போட்டுப் பேசுங்கள். என் அனுபவத்தில் டெலிகிராம் விடைகளின் மவுசு குறைந்தது இதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான்.

முடிவு வந்த வாரம், தேறிய எல்லோருடைய விண்ணப்பத்தையும் ஒரே கட்டாகச் சேர்த்து, மேலே ஒரு பட்டியல் வைத்து, தேர்வுப் பிரிவுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மாணவர்களைத் தனித்தனியாக அனுப்பினால் ஆளுக்கொரு பதில் வரும்.